டிஷ்வாஷரில் சாதம் ஒட்டிய குக்கர், வெள்ளை பூத்த கண்ணாடி டம்ளர்: எங்கே கோளாறு?

மீனா (மடிப்பாக்கம்)

வணக்கம். பொங்கலுக்கு முன்னால் டிஷ்வாஷர் வாங்கினோம். 14 செட் பிடிக்கும் பெரிய மாடல். பாதி நாள் நன்றாகக் கழுவுகிறது, பாதி நாள் கழுவியதும் கழுவாததும் ஒன்றாகத்தான் வெளியே வருகிறது. கண்ணாடி டம்ளர்களில் வெள்ளையாக ஒரு படலம். எவர்சில்வர் தட்டுகளில் சொட்டுச் சொட்டாகத் தடம். குக்கருக்குள் வைக்கும் சாதப் பாத்திரத்தின் அடியில் பருக்கை ஒட்டியபடியே இருக்கிறது.

மெஷினை மாட்ட வந்தவர், கழுவப் போடும் சோப்பு மாத்திரையைக் காட்டி, "மாத்திரையிலேயே எல்லாம் இருக்கு, உப்பு தேவையில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் தண்ணீரை மென்மையாக்கும் உப்பு போட மெஷினுக்குள் இருக்கும் தொட்டி இன்னும் காலி. எங்களுக்குப் போர்வெல் தண்ணீர்தான், டிடிஎஸ் 1400. இப்போது எல்லாப் பாத்திரத்தையும் குழாயில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே அடுக்குகிறேன். "அதுக்குள்ளே வைக்கிறதுக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிடுச்சே" என்று மாமியார் கேட்கிறார், என்னிடம் பதில் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: அடுக்குவதில் தப்பா, மாத்திரையில் தப்பா, தண்ணீரில் தப்பா?

கொங்கு சர்வீஸ்

மேடம், கோயமுத்தூரில் வீட்டு மெஷின்கள் சர்வீஸ் செய்கிறேனுங்க. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான். ஆனால் டிடிஎஸ் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாதுங்க. அது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. டிஷ்வாஷருக்கு வேண்டியது கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பது. ஆர்ஓ மாட்ட வருபவர் பேனா மாதிரி ஒரு மீட்டரை முக்கிக் காட்டுவாரே, அதில் இது தெரியாது. ஒரே 1400 டிடிஎஸ் உள்ள இரண்டு கிணறுகளில் ஒன்றில் சோப்பு நுரைக்கும், இன்னொன்றில் திரிந்து போகும்.

மெஷினோடு சோதனைத் தாள் வந்திருந்தால் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். இல்லையென்றால் தண்ணீர் சோதனைக்கூடத்தில் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ரிப்போர்ட்டில் மொத்தக் கடினத்தன்மை என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் ஒரு வேலை. படலம் பூத்த டம்ளர் ஒன்றை எடுத்து, அதன் ஒரு பக்கத்தில் மட்டும் வினிகர் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். அந்த இடம் பளிச்சென்று ஆனால் அது சுண்ணாம்பு, சரிசெய்துவிடலாம். தேய்த்தும் மங்கலாகவே இருந்தால் கண்ணாடியே அரித்துவிட்டது என்று அர்த்தம், அது திரும்பாதுங்க. போர்வெல் தண்ணீரில் நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் முதல் ரகம்தான். இரண்டாவது, ரொம்ப மென்மையான தண்ணீரில் தூளை அதிகம் போட்டு அதிகச் சூட்டில் ஓட்டும் வீடுகளில் வரும். எங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

ரமணி அம்மா

மீனா, நீ கழுவிவிட்டு வைப்பதில் என்ன தவறு? எச்சில் தட்டை அப்படியே கொண்டுபோய், நாளைக்கு நைவேத்தியம் வைக்கப்போகும் கிண்ணத்தோடு சேர்த்து அடைத்தால் எனக்கு மனம் ஒப்பாது. எங்கள் வீட்டில் எச்சில் தட்டுகளைக் குழாயில் அலசாமல் உள்ளே விடுவதில்லை. மெஷின் மேல் எனக்கு விரோதம் இல்லை. முட்டி வலியோடு தொட்டி முன்னால் அரை மணி நேரம் நிற்பதை விட்டு விடுதலை கொடுத்தது அதுதான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே.

வேதியியல் வாத்தியார்

ரமணி அம்மா, தட்டில் தண்ணீர் விட்டு எச்சிலைத் தள்ளுவது வேறு, சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு உள்ளே வைப்பது வேறு. முதலாவதால் கெடுதல் இல்லை. இரண்டாவதுதான் மீனாவின் பிரச்சினைக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் டிஷ்வாஷர் தூள் கையால் தேய்க்கும் சோப்பைப் போல வேலை செய்வதில்லை.

கையால் தேய்க்கும்போது அழுக்கை எடுப்பது நாரும் நம் கையும். டிஷ்வாஷருக்குள் உரசல் கிடையாது. தண்ணீரின் வீச்சு, சூடு, நேரம், தூளில் உள்ள ரசாயனம் ஆகிய நான்கும்தான் உண்டு. தூளில் காரம் இருக்கிறது, பெரும்பாலும் சோடியம் கார்பனேட், நம்முடைய சலவைச் சோடாதான். அது எண்ணெயை உடைக்கும். சோடியம் பெர்கார்பனேட் என்று ஒன்று, வெந்நீரில் ஆக்சிஜனை வெளிவிட்டு டீ, காபிக் கறையை வெளுக்கும். மூன்றாவதாக நொதிகள். அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைத் துண்டாக்கும், அதாவது கஞ்சி, சாதம், இட்லி மாவு. புரோட்டியேஸ் புரதத்தைத் துண்டாக்கும், அதாவது முட்டை, பருப்பு, பால். இந்த நொதிகளுக்கு வேலை செய்ய நேரமும் இதமான சூடும் வேண்டும். 50 டிகிரி ஓட்டத்தில் சாதப் பருக்கை போகிறதென்றால் அது அமைலேஸின் வேலை.

முழுக்கத் தேய்த்த பாத்திரத்தை உள்ளே வைத்தால் இரண்டு விஷயம் நடக்கும். பல மெஷின்களில் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்க்கும் சென்சார் இருக்கிறது. தண்ணீர் தெளிவாக இருந்தால் பாத்திரம் சுத்தம் என்று நினைத்து அது நேரத்தையும் சூட்டையும் குறைத்துவிடும். அன்றைக்குப் பார்த்து ஒரே ஒரு பாத்திரத்தில் சாதம் அடிப்பிடித்திருந்தால், அது அப்படியே நிற்கும். இன்னொன்று, காரமான தூளுக்குக் கரைக்க எண்ணெயும் அழுக்கும் இல்லாதபோது கண்ணாடி அரிக்கும் வாய்ப்பு கூடுகிறது.

ஆகவே மீனா, வழித்துப் போடுங்கள், போதும். கறிவேப்பிலை, எலும்பு, முருங்கைச் சக்கை, மிளகாய்க் காம்பு எல்லாம் குப்பைக்கு. குழம்புப் படலம் அப்படியே இருக்கட்டும்.

ரமணி அம்மா

நீங்கள் சொல்வது புரிகிறது, வாத்தியார் சார். எச்சிலைத் தண்ணீர் விட்டுத் தள்ளிவிட்டு வைக்கிறேன், சோப்புப் போட மாட்டேன். ஒரே கேள்வி. சாப்பிட்ட தட்டைக் கழுவிய தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றுகிறதா, மாற்றுகிறதா?

வேதியியல் வாத்தியார்

ஒவ்வொரு கட்டத்துக்கும் புதுத் தண்ணீர் எடுக்கும். முன் அலசல், அதை வெளியேற்றும். தூள் போட்ட முக்கியக் கழுவல், அதையும் வெளியேற்றும். அப்புறம் இடை அலசல், கடைசியில் வெந்நீர் அலசல். ஒரு கட்டத்துக்குள் மட்டும் அதே தண்ணீரை வடிகட்டி வழியாகச் சுற்றவிடும். இப்போதைய மெஷின்கள் ஈகோ என்ற சிக்கன ஓட்டத்தில் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 10 லிட்டர் தண்ணீரில் முடித்துவிடும். குழாயைத் திறந்துவிட்டு அத்தனை பாத்திரத்தையும் தேய்த்தால் ஆகும் தண்ணீரில் இது சிறு பங்கு. அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் பூஜைப் பாத்திரங்களைக் கையால்தான் கழுவ வேண்டும். அவை பித்தளையும் வெள்ளியுமாக இருக்கும், எப்படியும் மெஷினுக்கு ஆகாது.

மீனா (மடிப்பாக்கம்)

ரிப்போர்ட் வந்துவிட்டது. மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 620 மில்லிகிராம். வினிகர் தேய்த்த இடம் பளிச்சென்று ஆகிவிட்டது.

கொங்கு சர்வீஸ்

நல்லதுங்க, கண்ணாடி தப்பித்தது. 620 என்பது கொஞ்சநஞ்சம் இல்லைங்க. குடிதண்ணீருக்கு இந்தியத் தரக்கட்டளை சொல்லும் அளவு 200, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரைக்கும் போகலாம். உங்களுடையது அதையும் தாண்டிவிட்டது.

மெஷின் கையேட்டில் இந்த எண் ஜெர்மன் டிகிரி என்ற கடினத்தன்மை அளவில் இருக்கும், சூட்டு டிகிரி இல்லைங்க. உங்கள் எண்ணை 17.8 ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 35 வரும். எல்லாம் அடங்கிய மாத்திரை என்று விற்கிறார்களே, அதன் அட்டையில் பொடி எழுத்தில் பாருங்கள், 21 டிகிரி வரைக்கும்தான் உப்பில்லாமல் வேலை செய்யும் என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். நம் கணக்கில் அது 370 சொச்சம். அதற்கு மேல் போனால் உப்பு கட்டாயம். உங்களுக்கு உப்பு வேண்டாம் என்று சொன்னது தப்புங்க.

மெஷினின் அடியில், வலைத்தட்டுக்குப் பக்கத்தில், பெரிய திருகுமூடி இருக்கும். அதற்குள் பிசின் மணிகள் இருக்கும் ஒரு அறையோடு சேர்ந்த உப்புத் தொட்டி. தண்ணீர் அந்த மணிகள் வழியாகப் போகும்போது கால்சியமும் மெக்னீசியமும் மணிகளில் ஒட்டிக்கொள்ளும், பதிலுக்குச் சோடியம் தண்ணீரில் சேரும். மணிகள் நிறைந்ததும் மெஷின் உப்புநீரை விட்டு அவற்றைக் கழுவி மறுபடி தயாராக்கும். அந்த உப்புநீர் சாக்கடைக்குத்தான் போகும், பாத்திரத்தில் படாது.

முதல் முறை மட்டும் அந்தத் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் டிஷ்வாஷர் உப்பைப் புனல் வைத்துக் கொட்டுங்கள். ஒரு கிலோவுக்கு மேலேயே பிடிக்கும். உப்பு இறங்க இறங்கத் தண்ணீர் வழியும், அது சரிதான். வாயைச் சுற்றிச் சிந்திய உப்பைத் துடைத்து, மூடியை இறுக்கி, உடனே ஒரு ஓட்டம் ஓட்டிவிடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உப்புநீர் எஃகுத் தரையில் தேங்கி நின்றால் துருப்புள்ளி விழும். அதனால் கழுவப் போவதற்குச் சற்று முன்னால் உப்பு நிரப்புவதே பழக்கமாக இருக்கட்டும்.

அப்புறம் கடினத்தன்மை அமைப்பு. புது மெஷின் நடுத்தரமான ஒரு எண்ணில் வரும். கையேட்டில் உள்ள அட்டவணையில் 35 எந்த வரிசையில் வருகிறதோ, அந்த எண்ணுக்கு மாற்றுங்கள். நிறைய மெஷின்களில் 31 முதல் 50 வரைக்கும் கடைசி வரிசை. உப்பு போட்டுவிட்டு இதை மாற்றாமல் விட்டால் பாதிப் பலன்தான். நான் சர்வீஸுக்குப் போகும் வீடுகளில் மிகுதியாகப் பார்ப்பது இதைத்தான்: தொட்டி நிறைய உப்பு, அமைப்பு மட்டும் தொழிற்சாலையில் வைத்தபடி.

சதீஷ் (திருச்சி)

அண்ணா, டிஷ்வாஷர் உப்பு என்று தனியாக விற்பது கிலோவுக்கு நம் கல்லுப்பைவிடப் பல மடங்கு விலை. இரண்டும் சோடியம் குளோரைடுதானே? அயோடின் சேர்க்காத கல்லுப்பு மளிகைக் கடையில் கிடைக்கிறது. அதையே போட்டால் என்ன?

கொங்கு சர்வீஸ்

தம்பி, கேள்வி நியாயம்தான். ஆனால் உப்பளத்தில் கடல்நீரைக் காயவைத்து எடுக்கும் கல்லுப்பில் மெக்னீசியமும் கால்சியமும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். எதை வெளியேற்ற உப்பு போடுகிறோமோ அதையே உள்ளே கொட்டுகிற மாதிரி ஆகிவிடும். கூடவே மண். ஒரு கைப்பிடி கல்லுப்பைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கரைத்து ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள், காலையில் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வண்டல் நிற்கும். அந்த வண்டல் பிசின் மணிகளுக்கு நடுவே போய் அடைத்தால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். தூள் உப்பும் ஆகாது. அது கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள் கரையாமல் நிற்கும், தூளும் இறுகிப்போகும்.

தண்ணீர் மென்மையாக்கும் பெரிய இயந்திரங்களுக்கு மாத்திரை வடிவில் சுத்தமான உப்பு மூட்டையில் விற்கிறார்கள். அடுக்குமாடிகளில் வாங்குவார்கள். சுத்தம் போதும், ஆனால் அந்தக் கட்டி சில மெஷின்களில் தொட்டி வாய்க்குள் போகாது. அளவு பார்த்து வாங்குங்கள்.

லதா (திருவான்மியூர்)

தண்ணீரைப் பற்றிக் கொங்கு அண்ணா சொல்லிவிட்டார். நான் அடுக்குவதைச் சொல்கிறேன், ஏனென்றால் கையேட்டுப் படங்களில் இருக்கும் பாத்திரங்கள் நம் வீட்டில் இல்லை. அதில் தட்டையான பீங்கான் தட்டும் நீளக் காம்பு வைத்த கிளாஸும் இருக்கும். நம்மிடம் இருப்பது விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு, டவரா டம்ளர், இட்லித் தட்டு, அடுக்குச் சட்டி, கடாய்.

அடிப்படை ஒன்றே ஒன்று: தண்ணீர் கீழிருந்தும் நடுவிலிருந்தும் வீசுகிறது, பாத்திரத்தின் அழுக்குப் பக்கம் அந்த வீச்சைப் பார்க்க வேண்டும். விளிம்பு உயர்ந்த தட்டுகளை ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்றாகச் செருகினால் ஒன்றுக்குள் ஒன்று போய் ஒட்டிக்கொள்ளும், நடுவில் தண்ணீர் போகாது. ஒரு கம்பி விட்டு ஒரு கம்பி வையுங்கள். கிண்ணங்களுக்கும் இதேதான். ஒரே அளவுக் கிண்ணங்கள் பக்கத்தில் பக்கத்தில் சாய்ந்தால் ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்துவிடும், பெரியதும் சிறியதுமாக மாற்றி வைத்தால் இடைவெளி நிற்கும்.

டம்ளர்கள் மேல் தட்டில், கவிழ்த்து, கொஞ்சம் சாய்வாக. நேராகக் கவிழ்த்தால் அடிக்குழியில் தண்ணீர் தேங்கி, திறந்ததும் கீழே இருக்கும் பாத்திரங்கள் மேல் கொட்டும். அதனால்தான் எடுக்கும்போது கீழ்த் தட்டை முதலில் காலிசெய்ய வேண்டும். மெல்லிய எவர்சில்வர் டம்ளர் எடை இல்லாததால் தண்ணீர் வீச்சில் புரண்டு நிமிர்ந்து, கலங்கல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றை மடிப்புக் கம்பிக்குக் கீழே நெருக்கமாக வைத்தால் அசையாது.

இட்லித் தட்டுகளைத் தண்டிலிருந்து கழற்றி, கீழ்த் தட்டில் நிறுத்தி வையுங்கள், குழிகள் நடுவைப் பார்க்கட்டும். தண்டு தனியாக. கடாய், குக்கர் பாத்திரம் கீழ்த் தட்டில் குப்புற. பெரிய கடாயைத் தூள் பெட்டிக்கு நேர் எதிரே வைத்தால் அந்த மூடி திறக்க இடமில்லாமல் போய், மாத்திரை கரையாமல் அப்படியே கிடக்கும். கரண்டிகள் தலை மேலே பார்த்து, கத்தி மட்டும் முனை கீழே. கரண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டினால் ஒன்றிரண்டை மட்டும் தலைகீழாக மாற்றிப் போடுங்கள்.

மூடுவதற்கு முன்னால் தண்ணீரை வீசும் இரண்டு சுழல் கைகளையும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நீளமான சாம்பார்க் கரண்டியின் காம்பு ஒன்று கூடையின் அடியில் துருத்திக்கொண்டிருந்தால் போதும், கை நின்றுவிடும், அன்றைய கழுவல் வீண்.

ரூபன் (ஸ்காபரோ)

கனடாவில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். இங்கே விற்கிற மெஷின்களில் பெரும்பாலும் உப்புத் தொட்டியே இருக்காது, வெந்நீர்க் குழாயோடு நேரே பூட்டுவார்கள். ஆகவே ஓட்டத்தைத் தொடங்க முதல் குசினிக் குழாயைத் திறந்து சுடுதண்ணீர் வரும்வரை விட வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் தங்கி நின்ற குளிர்ந்த தண்ணீரிலேயே தொடக்கக் கழுவல் முடிந்துவிடும்.

தூள் முந்தி நல்லாக வேலை செய்தது, இப்ப சரியில்லை என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஏரிகளில் பாசி பெருகுகிறது என்று கனடாவில் 2010 இல் வீட்டு டிஷ்வாஷர் தூளில் பாஸ்பரஸை 0.5 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் பல மாநிலங்களும், ஐரோப்பிய ஒன்றியம் 2017 இலும் கட்டுப்படுத்தின. பாஸ்பேட்தான் தண்ணீரில் இருக்கிற கால்சியத்தைப் பிடித்து வைத்திருந்தது. அது போனபிறகு கொஞ்சக் காலம் எல்லார் வீட்டுக் கிளாஸிலும் வெள்ளை. இப்போதைய தூள்களில் சிட்ரேட்டும் அதுபோன்ற வேறு பொருட்களும் அந்த வேலையைச் செய்கின்றன. ஏரி நல்லாக இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் அதனால் அலசு திரவம் போடாமல் இங்கே ஓட்டவே ஏலாது.

மீனா (மடிப்பாக்கம்)

உப்பு போட்டு, அமைப்பையும் மாற்றிவிட்டேன். கண்ணாடியில் வெள்ளை வெகுவாகக் குறைந்துவிட்டது! எவர்சில்வரில் சொட்டுத் தடம் மட்டும் இன்னும் இருக்கிறது. ரூபன் அண்ணா சொல்லும் அலசு திரவம் கடையில் ரின்ஸ் எய்ட் என்று விற்பதுதானே? மாத்திரையிலிருந்து தூளுக்கு மாறலாமா? ஜெல்லும் விற்கிறார்கள்.

வேதியியல் வாத்தியார்

ஆமாம், அதேதான். பிசின் மணிகள் கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கின்றன, மொத்த உப்பு குறைவதில்லை. ஆகவே உங்கள் டிடிஎஸ் மீட்டர் முன்பு காட்டியதையே ஏறக்குறையக் காட்டும். பாத்திரத்தின்மேல் ஒரு சொட்டு நின்று காய்ந்தால் அதில் கரைந்திருந்த உப்பு வட்டமாகத் தங்கிவிடும். ரின்ஸ் எய்ட் தண்ணீரைச் சொட்டாக நிற்கவிடாமல் மெல்லிய படலமாக விரிந்து வழியச் செய்கிறது. அதன் அறை தூள் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும், அளவு கூட்டிக் குறைக்கலாம். தடம் நின்றால் கூட்டுங்கள். பாத்திரத்தில் நீலச் சாயலோ வழவழப்போ தெரிந்தால் குறையுங்கள்.

தூளா, மாத்திரையா என்றால் உங்கள் வீட்டுக்குத் தூள் என்பேன். அழுக்குக்குத் தக்கபடி அளவை மாற்றலாம். டீ டம்ளர்கள் மட்டும் உள்ள நாளில் குறைவாக, கறிக்குழம்புச் சட்டி உள்ள நாளில் 25 கிராம் வரை. குறுகிய ஓட்டத்தில் மாத்திரை முழுக்கக் கரையாமல் நிற்கலாம், தூள் உடனே கரையும். ஜெல்லில் பெர்கார்பனேட் போன்ற வெளுப்பான் பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் அது ஈரத்தில் நிலைக்காது. காபி, டீக் கறைக்கு ஜெல் சுமார்தான். எதைப் போட்டாலும் பெட்டி உலர்ந்திருக்க வேண்டும். ஈரப் பெட்டியில் தூள் பாறையாக இறுகிவிடும், மாத்திரை அடியில் ஒட்டிக்கொள்ளும். மாத்திரையைப் பெட்டியில் வைக்காமல் மெஷினுக்குள் சும்மா போடுபவர்களும் உண்டு. முன் அலசலிலேயே கரைந்து சாக்கடைக்குப் போய்விடும், முக்கியக் கழுவலுக்கு ஒன்றும் மிஞ்சாது.

எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரங்களுக்கு ஈகோ ஓட்டம் வேண்டாம். 65, 70 டிகிரி ஓட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சதீஷ் (திருச்சி)

தூள் தீர்ந்துபோன நாளில், கையால் தேய்க்கும் லிக்விடை இரண்டு சொட்டு விட்டு ஓட்டலாமா?

கொங்கு சர்வீஸ்

வேண்டவே வேண்டாம் தம்பி. அந்த லிக்விட் நுரைக்கவென்றே செய்தது. உள்ளே வீசும் வேகத்தில் நுரை பொங்கி, பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும், சுழல் கைகள் நின்றுபோகும். நுரை கதவு வழியாக வழிந்து அடித்தட்டில் இறங்கினால், அங்கே கசிவு பார்க்கும் மிதவை தூக்கி, மெஷின் பிழைக்குறி காட்டி நின்றுவிடும். மெஷின் கெட்டுவிட்டது என்று கூப்பிட்ட வீடுகளில் காரணம் வெறும் நுரையாக இருந்திருக்கிறது. பாத்திரத்தை அந்த லிக்விடில் ஊறவைத்துச் சரியாக அலசாமல் உள்ளே வைத்தாலும் இதே கதிதான். தூள் இல்லாத நாளில் கையால் கழுவிவிடுங்கள்.

ரமணி அம்மா

எந்தெந்தப் பாத்திரம் உள்ளே போகக் கூடாது என்பதையும் யாராவது எழுதுங்கள். என் நாத்தனார் வீட்டில் ஈயச் சொம்பை உள்ளே வைத்துவிட்டார்கள், கறுத்துப் போயிற்று. பாட்டி காலத்துச் சொம்பு.

வேதியியல் வாத்தியார்

வருத்தமாக இருக்கிறது அம்மா. ஈயச் சொம்பு மென்மையான உலோகம், காரமும் சூடும் சேர்ந்தால் பொலிவு போய்விடும். அதோடு அலுமினியத்தையும் சொல்ல வேண்டும், அதைத்தான் நிறைய பேர் தெரியாமல் வைக்கிறார்கள். அலுமினியக் குக்கர், பால் குண்டான், கறுப்பாகப் பூசியது போலிருக்கும் அனோடைஸ் செய்த கடாய், மூன்றையும் டிஷ்வாஷர் தூளின் காரம் தின்னும். சாம்பல் பூத்து, தொட்டால் கையில் கறுப்பு ஒட்டும். எவர்சில்வர் குக்கர் என்றால் வைக்கலாம், ஆனால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு. ஆவிக்குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அடைப்பில்லையா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த சமையல்.

இரும்புத் தோசைக்கல்லும் வார்ப்பு இரும்புச் சட்டியும் பழகிய எண்ணெய்ப் பூச்சை இழந்து துருப்பிடிக்கும். கல்சட்டியும் மண்சட்டியும் தூளை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அடுத்த வத்தக்குழம்பில் அது இறங்கும். மர அகப்பை, சிரட்டை அகப்பை, பூரிக்கட்டை வெடிக்கும். பித்தளை, செம்பு, வெண்கலம் கறுக்கும். வெள்ளிக் கிண்ணத்தை எவர்சில்வரோடு ஒட்டி வைத்தால் கறை பிடிக்கும். மிக்ஸி ஜாரில் பிளேடுக்கு அடியில் இருக்கும் பேரிங்கின் கிரீஸ் வெந்நீரில் கரைந்துவிடும், மூடியை மட்டும் மேல் தட்டில் வைக்கலாம். நான்ஸ்டிக்குக்குத் தயாரிப்பாளர் என்ன சொல்லியிருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தங்க விளிம்பு போட்ட பீங்கான் கையால்தான்.

மஞ்சளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பாகிறதே, அதே மாற்றம் காரமான தூள் படும்போதும் நடக்கும். வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா காவி நிறத்தில் வந்தால் பயப்பட வேண்டாம். மஞ்சளின் நிறப்பொருள் வெயிலுக்குத் தாங்காது. மொட்டை மாடியில் காயவைத்தால் வெளுத்துவிடும்.

லதா (திருவான்மியூர்)

வடிகட்டியை யாரும் சொல்லவில்லையே! அதைக் கழற்றிப் பாருங்கள் மீனா. திருகி மேலே தூக்கினால் வந்துவிடும். எங்கள் வீட்டில் அதில் சேர்வது பெரும்பாலும் கடுகு, தேங்காய்த் துருவல், முருங்கைக்காய் நார். நார் வலையில் பின்னிக்கொண்டு, அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்து, மெஷினைத் திறந்ததும் ஒரு புளித்த வாடை வரும். வாரம் ஒரு முறையாவது பழைய டூத்பிரஷால் தேய்த்துக் குழாயில் அலசுங்கள். சுழல் கையின் ஓட்டைகளில் கடுகு மாட்டியிருக்கும், கையைக் கழற்றி ஊசியால் நெம்பினால் போதும்.

இன்னொன்று. மத்தியானப் பாத்திரத்தை ராத்திரி வரை சும்மா அடைத்து வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு நாறும், கரப்பானும் வரும். தூள் போடாமல் முன் அலசல் ஓட்டத்தை மட்டும் ஓட்டி வையுங்கள், சில நிமிடங்கள்தான். இரவு எல்லாம் சேர்ந்ததும் முழு ஓட்டம். தோசை மாவு காய்ந்த பாத்திரமும் பால் அடிப்பிடித்த பாத்திரமும் மட்டும் முன்கூட்டி ஊறியே ஆக வேண்டும். அடிப்பிடித்ததைச் சுரண்ட மெஷினுக்குக் கை இல்லை.

சதீஷ் (திருச்சி)

கடைசியாக ஒன்று, அண்ணா. நாங்கள் மேல் மாடி. தலைக்கு மேலேதான் தண்ணீர்த் தொட்டி. மெஷின் வாங்கினால் தண்ணீர் அழுத்தம் போதுமா?

கொங்கு சர்வீஸ்

அது வாங்குவதற்கு முன்னாலேயே பார்க்க வேண்டியதுங்க தம்பி. தொட்டியில் உள்ள தண்ணீர் மட்டத்துக்கும் உங்கள் சமையலறைக் குழாய்க்கும் 10 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் சுமார் 1 பார் அழுத்தம். மெஷின்கள் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 பார் வரை குறைந்தபட்சம் கேட்கும். அதாவது 3 முதல் 5 மீட்டர். மேல் மாடி வீட்டில் தொட்டி நேரே மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தால் அந்த உயரம் கிடைக்காது, மெஷின் தண்ணீருக்குக் காத்திருந்து பிழைக்குறி காட்டும். அந்த இணைப்புக்கு மட்டும் சின்ன பிரஷர் பம்ப் ஒன்று போட்டால் தீர்ந்துவிடும். குழாயில் வலைச்சல்லடை வைத்த வால்வு கேளுங்கள், தொட்டி மண் உள்ளே போகாது. பிளக் 16 ஆம்பியர், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், ஹீட்டர் 2000 வாட் அளவில் இழுக்கும். அப்புறம் தம்பி, திருச்சியில் உங்கள் வீட்டுக்குக் காவிரித் தண்ணீர் வருகிறதா, போர்வெல்லா என்று பார்த்து, அதற்கும் கடினத்தன்மை ரிப்போர்ட் எடுத்துவிட்டே அமைப்பை வையுங்கள். இரண்டும் மாறி மாறி வரும் வீடாக இருந்தால் கூடுதலாக உள்ள எண்ணுக்கு வைத்துவிடுங்கள், உப்பு கொஞ்சம் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்.